ஒரு முகம், எட்டுச் சகோதரிகள்

ஜெனீவா நகரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வளாகத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரு சிறுவன் முன்னால் நடக்கிறான். அவன் கையில் ஒரு கோலின் நுனி. மறு நுனியைப் பற்றிக்கொண்டு பின்னால் வருகிறார் ஒரு பெரியவர். அவருக்குக் கண் தெரியாது.

விவரம் அறியாதவர்கள் அதைப் பார்த்தால், தாத்தாவிடம் பேரன் காட்டும் பாசத்தைச் சொல்கிற சிலை என்று நினைப்பார்கள். பாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைக் கிராமங்களில் ஒரு காலத்தில் அது தினம் தினம் காணும் காட்சி. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் கோல் பிடித்து நடந்தான். வளர்ந்து பெரியவனானதும் தனக்கும் ஒரு பையன் கோல் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் பார்வை இழந்த கிராமங்கள் கூட இருந்தன. நல்ல வண்டல் நிலத்தையும் வற்றாத தண்ணீரையும் விட்டுவிட்டு, ஊரையே காலி செய்துகொண்டு மேட்டு நிலத்துக்குப் போனார்கள் ஜனங்கள்.

இத்தனை அக்கிரமத்துக்கும் துணை போனது எது தெரியுமா? எள்ளைவிடச் சற்றே பெரிய ஓர் ஈ! அந்த ஈயை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் முதலில் விடை காண வேண்டியிருந்த கேள்வி, கேட்பதற்குச் சாதாரணமானது. பதிலுக்கோ பல வருஷங்கள் பிடித்தன. 'இது ஒரே ஈதானா?' என்பதே அந்தக் கேள்வி.

கூன் முதுகுக்காரி

கறுப்பு ஈ என்று இதற்குப் பெயர். நம் வீட்டுச் சமையலறையில் மாம்பழத் தோலைச் சுற்றுகிற ஈ அல்ல. உடம்பு சிறியது, முதுகு கூன் விழுந்தது போல் இருக்கும். பெண் ஈ மட்டுந்தான் இரத்தம் குடிக்கும். கொசுவைப் போல ஊசி போட்டு நாசூக்காக உறிஞ்சுவதில்லை. தோலைக் கத்திரித்து, ஊறி வருகிற இரத்தத்தை நக்கிக் குடிக்கிறது.

கொசுவுக்குத் தேங்கிய நீர் வேண்டும். இந்த அம்மாளுக்கோ ஓடுகிற நீர்தான் வேண்டும். பாறையில் மோதி நுரைத்துப் பாய்கிற இடமென்றால் இன்னும் விசேஷம். அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் புழு, தானே நூற்ற பட்டு நூலால் கல்லின்மேல் ஒரு திட்டுப் போட்டு, பின்பக்கக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்கிறது. தலையில் இரண்டு விசிறிகள். வெள்ளம் கொண்டு வரும் துணுக்குகளை அந்த விசிறிகளால் வடிகட்டிச் சாப்பிடுகிறது. பிறகு ஒரு செருப்பு வடிவக் கூட்டைக் கட்டி, கூட்டுப்புழுவாகி, கடைசியில் ஒரு காற்றுக் குமிழிக்குள் அமர்ந்து நீரின் மேல் வந்து பறந்து போகிறது. உஷ்ணப் பிரதேசங்களில் முட்டை, புழு, ஈ என்ற இந்த நாடகம் முழுவதும் இரண்டு, மூன்று வாரங்களில் முடிந்துவிடும்.

ஈ கடித்தால் அரிப்பு எடுக்கும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அரிப்போடு போனால் பரவாயில்லையே! ஆப்பிரிக்காவில் இந்த ஈ ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு நூல் புழுவைக் கொண்டு போகிறது. தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகக் குடியிருக்கும் தாய்ப்புழு, பத்துப் பதினைந்து வருஷங்கள் உயிரோடிருந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஓயாமல் ஈனுகிறது. அந்தக் குஞ்சுகள் தோலெங்கும் திரிகின்றன, கண்ணுக்குள்ளும் போகின்றன. அங்கே அவை செத்து மடியும்போது ஏற்படும் புண் வருஷக்கணக்கில் சேர்ந்து பார்வையைப் பறிக்கிறது. இதற்கு 'ஆற்றுக் குருடு' என்று பெயர். ஆற்றின் ஓரம் எத்தனைக்கெத்தனை நெருக்கமோ, கடி அத்தனைக்கத்தனை அதிகம்; ஆபத்தும் அப்படியே.

குவாதமாலா நாட்டு வைத்தியர் ரோடோல்ஃபோ ரோபிள்ஸ் 1915-ஆம் ஆண்டிலேயே இந்த நோய்க்கும் கறுப்பு ஈக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 1926-இல் சியரா லியோனில் பிளாக்லாக் என்பவர் அதை நிரூபித்துக் காட்டினார். குற்றவாளியின் பெயரும் தெரிந்திருந்தது. 1903-இல் தியோபால்டு என்ற பூச்சி நிபுணர் வைத்த பெயர் அது: சிமூலியம் டாம்னோசம்.

சாட்சிகள் முரண்பட்டார்கள்

பெயர் தெரிந்துவிட்டது; பிடித்துத் தண்டிக்க வேண்டியதுதானே? அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஓர் ஊரில் இந்த ஈ மனிதரைச் சூழ்ந்து கடித்தது. இன்னோர் ஊரில் ஆற்றில் புழு ஏராளம். ஆனால் மனிதரை அது சீந்தவே இல்லை. மரங்களற்ற புல்வெளிப் பிரதேசத்தில் ஜனங்கள் கூட்டங் கூட்டமாகக் கண்ணிழந்தார்கள். தெற்கே அடர்ந்த வனப் பிரதேசத்தில் அதே நூல் புழு, அதே ஈ. தோல் அரிப்பு உண்டு, கண்ணிழந்தவர்களோ குறைவு. பெரிய நதியை விரும்பும் ஈயும் அதுவே. சிற்றோடையை விரும்பும் ஈயும் அதுவே. ஒரே ஆசாமி இத்தனை குணம் காட்ட முடியுமா?

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இறக்கை, கால், கொம்பு எல்லாம் ஒன்று போலவே இருந்தன. கல்யாண வீட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்து, 'நீ ராமனா, லட்சுமணனா?' என்று கேட்டு விழிக்கிறோமே, அந்தக் கதைதான். பெற்ற தாய்க்கு மட்டும் தெரியும். ஈயின் தாயிடம் போய் யார் கேட்பது?

எச்சிலில் இருந்த ஜாதகம்

விடை கிடைத்த இடம் விசித்திரமானது. ஆப்பிரிக்காவின் காட்டாறுகளுக்கு வெகு தொலைவில், கனடா நாட்டு டொரான்டோவில், ராத்ஃபெல்ஸ் என்ற விஞ்ஞானி கறுப்பு ஈக்களின் புழுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிருள்ள எல்லாவற்றின் உயிரணுக்களிலும் குரோமோசோம் என்ற இழைகள் உண்டு. அம்மாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் பிள்ளைக்கு வந்து சேருவது இந்த இழைகளின் வழியாகத்தான். சாதாரணமாக இவை மிகவும் நுண்ணியவை. ஆனால் கறுப்பு ஈயின் புழு, பட்டு நூற்பதற்காக வைத்திருக்கும் எச்சில் சுரப்பியில் ஓர் அதிசயம் நடக்கிறது. அங்கே ஒவ்வோர் இழையும் தன்னைத் தானே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து, பிரதிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தடித்த கயிறாகிவிடுகின்றன. சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கயிற்றின் குறுக்கே அடர்ந்தும் வெளிறியும் பட்டைகள் தெரியும்.

பட்டுப் புடவையின் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். மயில், அன்னம், ருத்ராட்சம், தாழம்பூ என்று வரிசை. எல்லாப் புடவையிலும் அதே வரிசை. ஒரு புடவையில் மட்டும் நடுவில் ஒரு சாண் கரையை வெட்டி, தலைகீழாகத் திருப்பித் தைத்துவிட்டால்? மயில், ருத்ராட்சம், அன்னம், தாழம்பூ என்று வரும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே புடவை. கரையைக் கையில் எடுத்துப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களை ஏமாற்ற முடியுமா?

ஈக்களின் குரோமோசோமிலும் இத்தகைய தலைகீழ்த் துண்டுகள் இருந்தன. 1953-இல் ராத்ஃபெல்ஸும் டன்பரும் ஒரு கறுப்பு ஈயின் கரைக் கோலத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே டன்பர் பிறகு உகாண்டா நாட்டுப் புழுக்களைப் பார்த்தார். 1966-இல் அவர் வெளியிட்ட முடிவு பூச்சி சாஸ்திரிகளைத் தூக்கிவாரிப் போட்டது. டாம்னோசம் என்று ஒரே பெயரில் நடமாடியது ஓர் இனம் அல்ல. உகாண்டாவில் மட்டுமே நான்கு!

கொள்வினை, கொடுப்பினை

கோலம் வேறாக இருந்தால் மட்டும் இனம் வேறாகிவிடுமா? நியாயமான கேள்வி. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை சிவப்பு, ஒரு பிள்ளை கறுப்பு என்று இருப்பதில்லையா?

டன்பர் போன்றவர்கள் அதையும் யோசித்தே இருந்தார்கள். ஓர் இனம் என்பதற்கு அடையாளம் நிறமல்ல, கல்யாண சம்பந்தம். எந்த ஈக்கள் தங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்கின்றனவோ, அவை ஓர் இனம்.

ஒரே ஆற்றின் ஒரே பாறையில் நேர்க்கோலம் உள்ள புழுவும் தலைகீழ்க் கோலம் உள்ள புழுவும் வாழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவை கலந்து மணம் செய்துகொண்டால் பிறக்கிற குழந்தைக்குத் தாயிடமிருந்து நேர் இழை, தந்தையிடமிருந்து தலைகீழ் இழை. இரண்டும் ஜோடி சேர்ந்து ஒட்ட வேண்டுமே! நடுத்துண்டு பொருந்தாது; ஆகையால் அந்த இடத்தில் கயிறு வளைந்து ஒரு வளையம் போட்டுக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் அது பளிச்சென்று தெரியும்.

நூற்றுக்கணக்கான புழுக்களைப் பார்த்தும் அந்த வளையம் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை என்றால் என்ன அர்த்தம்? இரு தரப்பாரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ஆனால் சம்பந்தம் செய்துகொள்வதே இல்லை. ஆகவே, முகம் எவ்வளவுதான் ஒன்றாக இருந்தாலும் குலம் வேறு. இத்தகைய இனங்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'சகோதரி இனங்கள்'.

1975-இல் வாஜிமே என்பவரும் டன்பரும் சேர்ந்து எட்டுச் சகோதரிகளைப் பிரித்து வரிசைப்படுத்தினார்கள். சிர்பா என்ற ஆற்றின் பெயரால் ஒருத்திக்குச் சிர்பானம். ஐவரி கோஸ்டின் சூப்ரே என்ற ஊரின் பெயரால் இன்னொருத்திக்கு சூப்ரென்ஸே. மூல டாம்னோசம் என்ற பெயரும் ஒருத்திக்கு நிலைத்தது. இன்று ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து இந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் கணக்காகியிருக்கின்றன.

வம்சாவளியால் வந்த நன்மை

'சரி ஐயா, ஈக்கு வம்சாவளி எழுதி யாருக்கு என்ன லாபம்?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கோல் பிடித்த பையனுக்குத்தான் லாபம்.

1974-இல் ஏழு நாடுகளில் ஆற்றுக் குருட்டை ஒழிக்கும் திட்டம் தொடங்கியது; பிற்பாடு நாடுகள் பதினொன்றாயின. திட்டம் எளிமையானது. ஹெலிகாப்டரில் பறந்து, ஆற்றின் பாய்ச்சலில் புழுக்கொல்லி மருந்தை வாரம் தவறாமல் ஊற்ற வேண்டும். தாய்ப்புழு மனிதர் உடம்பில் பத்துப் பதினைந்து வருஷம் வாழுமாகையால், அத்தனை வருஷமும் ஈ தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறுகள் எண்ணற்றவை, பணமோ எண்ணி வைத்தது. எந்த ஆற்றுக்கு முதலில் மருந்து? அங்கேதான் சகோதரிகளின் பட்டியல் கைகொடுத்தது. புல்வெளிப் பிரதேசத்தில் கண்ணைக் குருடாக்கும் நோயைச் சுமந்தவர்கள் முக்கியமாக இரண்டு பேர்: மூல டாம்னோசமும் சிர்பானமும். இந்த இருவரும் இருக்கிற ஆறுகளே முதல் ஆபத்து.

இன்னொரு மர்மம். மருந்து ஊற்றிப் புழுவே இல்லாமல் துடைத்துவிட்ட ஆறுகளில், மழைக்காலம் வந்ததும் ஈக்கள் மொய்த்தன. மருந்து தோற்றுவிட்டதா? பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஏற்கெனவே ஒரு முறையேனும் முட்டையிட்ட வயதான ஈக்கள். இளம் ஈ இல்லை. அப்படியானால் இவை அந்த ஆற்றில் பிறந்தவை அல்ல, வந்தேறிகள்! எந்தச் சகோதரிகள் என்று பார்த்தால், அதே புல்வெளி ஜோடி. தென்மேற்குக் காற்றின் முதுகில் ஏறி, நூற்றுக்கணக்கான மைல்கள் கடந்து வந்திருந்தன. அவை புறப்பட்ட ஆறுகளைத் தேடிப் போய் அங்கும் மருந்து ஊற்றிய பிறகுதான் வரவு குறைந்தது.

1980-இல் வந்தது அடுத்த சோதனை. ஐவரி கோஸ்டில் மருந்து ஊற்றியும் புழு சாகவில்லை. எல்லோருக்கும் பகீரென்றது. குரோமோசோமைப் படித்தவர்கள் பதில் சொன்னார்கள்: மருந்துக்கு மசியாதவர்கள் வனத்துச் சகோதரிகளான சூப்ரென்ஸேயும் சாங்க்டிபாலியும். புல்வெளிச் சகோதரிகள் இன்னும் பழைய மருந்துக்குப் பணிகிறார்கள். ஆகவே எல்லா இடத்திலும் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. எதிர்ப்புக் காட்டும் ஆறுகளில் மட்டும் வேறு மருந்துகளை மாற்றி மாற்றி ஊற்றலாம். புழுக்களைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவும் அந்த மாற்று மருந்துகளில் சேர்ந்தது. எல்லாவற்றையும் 'டாம்னோசம்' என்று ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்தால், பீதியில் என்ன செய்திருப்பார்களோ!

உடம்பும் வேண்டும், உள்ளிருப்பதும் வேண்டும்

அப்படியானால் வெளி அடையாளத்தைப் பார்ப்பது வீண் வேலையா? அல்லவே அல்ல.

குரோமோசோம் வித்தையில் ஒரு பெருங்குறை உண்டு. கோலம் தெளிவாகத் தெரிவது வளர்ந்த புழுவின் சுரப்பியில். மனிதரைக் கடிப்பதோ பறக்கிற ஈ. கையில் கடித்த ஈயைப் பிடித்து, 'நீ எந்தச் சகோதரி?' என்று கேட்டால் அது காட்டுவது உடம்பைத்தான். இறக்கை முளைக்கும் இடத்தில் உள்ள சிறு மயிர்க் குஞ்சத்தை அப்போதுதான் கவனித்தார்கள். புல்வெளி ஈக்களுக்குப் பெரும்பாலும் வெளிர் நிறம். வனத்து ஈக்கள் பலவற்றுக்குக் கறுப்பு. இது தவறவே தவறாத அடையாளம் அல்ல. ஆனால் காட்டில் உட்கார்ந்து நாளெல்லாம் ஈ பிடிக்கிறவருக்கு இதுவே பெரிய துணை.

பிறகு வந்தது டி.என்.ஏ. குரோமோசோம் புடவைக் கரை என்றால், டி.என்.ஏ. அதை நெய்த நூல். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற எல்லா அவதாரங்களிலும் அது மாறுவதில்லை. ஈயின் ஒரு கால் போதும், நூலைப் பிரித்துப் படித்துவிடலாம். 2003-இல் கனடாவின் பால் ஹேபர்ட், ஒரு ஜீனின் சுமார் 650 எழுத்துக்களை மட்டும் படித்து உயிர்களை இனம் காணலாம் என்று யோசனை சொன்னார். கடையில் சாமான் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் கோடுகளை நினைத்து, இதற்கு 'பார்கோடு' என்று பெயர்.

ஆனால் அந்த 650 எழுத்துக்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அண்மைக் காலத்தில்தான் பிரிந்த சகோதரிகளுக்குள் எழுத்து இன்னும் அதிகம் மாறியிருக்காது. ஆகவே இன்று ஒருவர் 'புதிய கறுப்பு ஈ இனம்' என்று அறிவிக்க வேண்டுமானால் வேலை சுலபமல்ல. ஓடையில் இறங்கிக் கல்லையும் இலையையும் புரட்டிப் புழு எடுக்க வேண்டும். கூட்டுப்புழுவைச் சிறு குழாயில் ஈரத்தோடு வைத்து ஈ வெளிவரும்வரை காத்திருந்து, ஈயையும் அது கழற்றிய சட்டையையும் ஒன்றாகப் பத்திரப்படுத்த வேண்டும். இன்னாரின் சட்டை இன்னாருடையது என்பதற்கு அதுவே சாட்சி. கூட்டுப்புழு சுவாசிக்கும் செவுள் இழைகள் எத்தனை, எப்படிக் கிளைக்கின்றன என்று எண்ண வேண்டும். ஆண், பெண் இரண்டின் வயிற்று நுனி உறுப்புகளையும் படம் வரைய வேண்டும். அருங்காட்சியகத்து மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். பிறகு குரோமோசோம், டி.என்.ஏ. எல்லாச் சாட்சியும் ஒரே பக்கம் பேசினால் தீர்ப்பு எளிது. பேசாவிட்டால் மறுபடி ஓடைக்குப் போக வேண்டியதுதான்.

உலகில் இப்படிப் பெயரிடப்பட்ட கறுப்பு ஈக்கள் 2,300-க்கு மேல். நம் பழனி மலையின் பெயரைத் தாங்கிய ஒன்றுகூட அவற்றில் உண்டு. 1933-இல் பூரி என்ற ஆராய்ச்சியாளர் சூட்டிய பெயர் அது. பயப்பட வேண்டாம், நம் நாட்டில் ஆற்றுக் குருடு கிடையாது.

கோல் கீழே விழுந்தது

மேற்கு ஆப்பிரிக்கத் திட்டம் 2002-இல் முடிவடைந்தது. ஆறு லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டது என்றும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி குடியேறவும் உழவும் தகுதியாயிற்று என்றும் கணக்கிட்டார்கள். 1987 முதல் ஐவர்மெக்டின் என்ற மாத்திரையும் இலவசமாகக் கிடைத்து, இந்தப் போரில் சேர்ந்துகொண்டது. அந்த மருந்துக்கு வழி கண்ட ஓமுரா, கேம்ப்பெல் இருவரும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக நைஜர் இந்த நோயின் பரவலை அடியோடு நிறுத்திவிட்டது! சிர்பா ஆறு போய்ச் சேருவது அந்த நைஜர் நாட்டில்தான். சிர்பானத்துக்குப் பெயர் கொடுத்த ஆற்றின் கரையில், இன்று பிறக்கிற குழந்தை இந்த நோயால் கண்ணிழக்காது. மற்ற நாடுகளில் வேலை இன்னும் மீதம் இருக்கிறது. 20 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மருந்து தொடர்ந்து போய்ச் சேர வேண்டும்.

புழுவின் எச்சில் சுரப்பியை நசுக்கிப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, அந்த நாளில் யாரேனும் சிரித்திருக்கலாம். அவர்கள் எண்ணி முடித்ததால்தான், எந்த ஆற்றுக்கு மருந்து போக வேண்டும் என்பது தெரிந்தது. நைஜர் நாட்டுச் சிறுவன் இன்று கோலைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். அவன் தாத்தாவின் தலைமுறையோடு அந்தக் கோல், சிலையில் மட்டும் இருக்கட்டும்!